இலவசமாக வந்த படகும் பல் பிடித்துப் பார்த்த அப்பாவும்!

"தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கக் கூடாது" என்பார்கள். போன பங்குனியில் எங்கள் வீட்டுக்குத் தானமாக ஒன்று வந்தது. மாடு இல்லை, படகு. அதுவும் மோட்டார் படகு. 24 அடி நீளம். டிராக்டர் டிரெய்லரில் பாதியும் வெளியே பாதியுமாகத் தொங்கிக்கொண்டு மீன்சுருட்டிக்குள் நுழைந்தது.

எங்கள் ஊரைத் தெரிந்தவர்களுக்கு இதில் உள்ள வேடிக்கை புரியும். பெயரில்தான் மீன் இருக்கிறதே தவிர, கடலுக்கும் எங்களுக்கும் சம்பந்தம் கிடையாது. கும்பகோணம் - சென்னை பேருந்தில் போனவர்கள் தூக்கக் கலக்கத்தில் பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் கங்கைகொண்ட சோழபுரம், அந்தப் பக்கம் அணைக்கரை, இந்தப் பக்கம் காட்டுமன்னார்கோவில், வீராணம் ஏரி. நெல், கரும்பு, முந்திரி என்று பேசுகிற ஊர். படகு வந்து இறங்கியதும் பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்கள் எல்லாம் எங்கள் பட்டறை வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"மறுபடி சுனாமி வரப்போவுதுன்னு டிவியில சொன்னானா?" என்றார் எதிர் வீட்டுப் பெரியப்பா.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. டிராக்டர்காரருக்கு அப்பா எண்ணிக் கொடுத்த 4,500 ரூபாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

இலவசப் படகின் முதல் செலவு அது.

ஏன் இலவசம்?

அப்பா ஆயில் இன்ஜின் மெக்கானிக். முப்பது வருடத் தொழில். வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் டீசல் இன்ஜின்கள் ஒரு காலத்தில் பட்டறை வாசலில் வரிசையாக நிற்கும். கரன்ட் மோட்டாரும் நீர்மூழ்கி மோட்டாரும் வந்த பிறகு அந்த வரிசை குறைந்துகொண்டே போனது. வாரத்துக்கு ஒன்று வந்தால் பெரிது. பட்டறையைத் திறந்து வைத்துக்கொண்டு செய்தித்தாளை விளம்பரம் வரை படிக்கும் அப்பாவை, நான் ஊருக்கு வரும்போதெல்லாம் பார்க்கிறேன். அவர் வாய் திறந்து எதுவும் சொன்னதில்லை.

கிள்ளைப் பக்கம் ஒரு மீனவப் பெரியவர், அப்பாவின் பழைய வாடிக்கையாளர். கடலோரத்து ஃபைபர் படகுகளில் இருப்பதும் ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின்தான். நீளமான தண்டின் முனையில் விசிறி சுழலும். வயலில் தண்ணீர் இறைக்கும் இன்ஜினுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் அவர் படகு இன்ஜின் மக்கர் செய்யும்போதெல்லாம் அப்பா போய்ப் பார்ப்பார்.

பெரியவருக்கு வயதாகிவிட்டது. மகன் வெளிநாட்டில். படகு ஆறு வருடமாகக் கரையில் கவிழ்ந்து கிடந்தது. "எடுத்துக்கிட்டுப் போங்க மெக்கானிக்கு. எனக்கு இடத்தைக் காலி பண்ணிக் கொடுத்தாப் போதும்" என்றிருக்கிறார்.

எனக்கு அப்போது புரியவில்லை. ஒரு படகை யாராவது சும்மா கொடுப்பார்களா? பிறகு விசாரித்தபோதுதான் காரணம் தெரிந்தது. மரப்படகு பழசானால் விறகுக்காவது ஆகும். இரும்பை எடைக்குப் போடலாம். ஃபைபர் படகுக்கு அந்த யோகமும் கிடையாது. கண்ணாடி இழையும் ரெசினும் ஒருமுறை இறுகிவிட்டால் மறுபடி உருக்க முடியாது. காயலான் கடைக்காரர் இன்ஜினை மட்டும் கேட்பார், படகைத் தொடமாட்டார். எரித்தால் புகை நஞ்சு. ஆகவே பழைய ஃபைபர் படகு என்பது சொத்து இல்லை, வாசலில் கிடக்கும் பாரம். கொடுப்பவருக்குத்தான் அங்கே லாபம்.

நாணயம் சொன்ன உண்மை

மறுநாள் காலையில் அப்பா படகின் பல்லைப் பிடித்துப் பார்க்க ஆரம்பித்தார்.

ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்தார். படகின் அடிப்பக்கத்தில் ஒவ்வொரு சாணுக்கும் தட்டிக்கொண்டே வந்தார். 'டக் டக்' என்று கணீரென வந்தால் நல்ல இடம். 'பொத் பொத்' என்றால் உள்ளே அடுக்குகள் பிரிந்து காற்றோ தண்ணீரோ புகுந்திருக்கிறது. இன்ஜின் சத்தத்தை வைத்தே பிஸ்டன் ரிங் போயிருக்கிறதா என்று சொல்லும் காது அவருடையது. 'பொத்' என்ற இடத்தையெல்லாம் செங்கல் துண்டால் வட்டமிடச் சொன்னார். மொத்தம் 11 வட்டம் போட்டேன்.

அடுத்து இன்ஜின் உட்காரும் மேடை. மேலே ஃபைபர் பூச்சு, உள்ளே மரம். வெளியே பளபளவென்று இருந்தது. சின்ன டிரில்லால் ஒரு துளை போட்டார். காய்ந்த மரத்தூள் வர வேண்டிய இடத்தில் காப்பிப்பொடி மாதிரி கறுப்பாக, ஈரமாக வந்தது. போல்ட் போட்ட துளை வழியே வருடக்கணக்கில் தண்ணீர் இறங்கி மரம் மக்கிப்போயிருக்கிறது.

மூன்றாவது, ஓட்டைச் சோதனை. படகைத் தண்ணீரில் விட்டு ஓட்டை தேடுவதைவிட, தண்ணீரைப் படகுக்குள் விட்டுத் தேடுவது சுலபம். முட்டுக் கொடுத்து நிறுத்தி, அரை அடி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றினோம். வெளியே நான்கு இடத்தில் கசிந்தது. தெருப் பிள்ளைகள் எல்லாம் உள்ளே குதித்துவிட்டார்கள். மீன்சுருட்டியில் படகு ஓடிய முதல் நாள் அதுதான் என்று நினைக்கிறேன். நகரவில்லை, அவ்வளவுதான்.

நான்காவது, எடை. டிரெய்லரிலிருந்து இறக்க எட்டுப் பேர் தேவைப்பட்டார்கள். "இவ்வளவு கனம் இருக்கக் கூடாது" என்று அப்பா முனகினார். முன்னும் பின்னும் மூடிய அறைகளில், படகு கவிழ்ந்தாலும் மூழ்காமல் இருக்க, தெர்மாகோல் அடைத்திருப்பார்கள். அறையை வெட்டித் திறந்தோம். ஆறு வருட மழைத்தண்ணீர் உள்ளே குடியிருந்தது. மிதக்க வைக்க வேண்டிய பொருள் ஊறிப்போய் பாரமாக உட்கார்ந்திருந்தது.

கடைசியாக இன்ஜின். ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினால் அசையவே இல்லை. துருவில் இறுகிவிட்டது. அதைப் பார்த்துத்தான் அப்பா முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. "இது ஒண்ணும் இல்ல பாப்பா. இது நம்ம வேலை."

ஒரு பழைய காயம்

ஃபைபர் வேலை அப்பாவுக்குத் தெரியாது. பரங்கிப்பேட்டையிலிருந்து ஒரு அண்ணனை வரவழைத்தோம். அவர் படகைச் சுற்றி ஒரு நடை நடந்தார். உடைந்திருந்த ஓர் ஓரத்தில் விரலை வைத்துப் பார்த்தார்.

"இது 2005 படகு" என்றார்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் அந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டதே அப்போதுதான்.

2004 டிசம்பர் 26. சுனாமி வந்தபோது எனக்கு ஐந்து வயது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 உயிர்கள் போயின. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேல். கட்டுமரம், வள்ளம், ஃபைபர் படகு என்று எல்லாவற்றையும் அலை நொறுக்கிப் போட்டது. உலகம் முழுவதிலிருந்தும் உதவி வந்தது. தொழிலை மீட்டுக் கொடுக்க வேண்டும் என்பதால் தொண்டு நிறுவனங்கள் இலவசமாகப் படகுகள் கொடுத்தன. தேவை திடீரென்று எகிறியதில் கடலோரமெங்கும் படகு கட்டும் கொட்டகைகள் முளைத்தன. கட்டுமரத்தில் போனவர்கள் பலர் ஃபைபர் படகுக்கு மாறியது அந்தக் காலத்தில்தான்.

"அப்ப எனக்கு 19 வயசு. கூலிக்குப் போனேன். நல்லாக் கட்டின கொட்டகையும் இருந்துச்சு. இத்தனை நாளைக்குள்ள இத்தனை படகுன்னு எண்ணிக்கையை மட்டும் பார்த்த இடமும் இருந்துச்சு. இந்தப் படகைப் பாருங்க, அடிப்பக்கம் நாலு மில்லிமீட்டர்தான் இருக்கு. இன்னும் ரெண்டு மூணு அடுக்கு மேட் போட்டிருக்கணும். வாங்கினவங்க எப்படிக் கேப்பாங்க? எல்லாத்தையும் இழந்துட்டு நிக்கிறப்ப, தானமா வந்ததைத் தட்டிப் பார்க்கவா தோணும்?"

எனக்கு அந்த மாட்டுப் பழமொழி ஞாபகம் வந்தது. கொடுத்தவர்கள் நல்ல மனதோடு கொடுத்தார்கள். வாங்கியவர்கள் நன்றியோடு வாங்கினார்கள். நடுவில் நாணயத்தால் தட்டிப் பார்க்க யாரும் இல்லை. இந்தப் படகில்தான் அந்தப் பெரியவர் பதினான்கு வருடம் கடலுக்குப் போய் வந்திருக்கிறார்.

"ஆத்துக்கு ஆகும் அண்ணே. கடலுக்கு விட்டுடாதீங்க" என்றார் அவர், அப்பாவிடம்.

கரைந்துபோன தெர்மாகோல்

சித்திரை வெயில் முழுக்கப் படகைக் காயவிட்டோம். ஈரம் இருந்தால் புதிய ஃபைபர் பழையதோடு ஒட்டாது. பிறகு கிரைண்டரால் பழுதான இடங்களைத் தேய்த்தார்கள். ஓட்டையை மட்டும் அடைத்தால் போதாதாம். அதைச் சுற்றிச் சரிவாகத் தேய்க்க வேண்டும். கனம் எவ்வளவோ அதைப்போல் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்கு. நாலு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர். அப்போதுதான் ஒட்டு பிய்ந்து வராது. முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை எல்லாம் போட்டும் இரண்டு நாள் உடம்பெல்லாம் அரித்தது. கண்ணாடித் தூள் அப்படி.

ரெசினை இறுக வைக்க இரண்டு சரக்கு: கோபால்ட், கேட்டலிஸ்ட். இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் வெடித்துத் தீப்பிடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் கலக்கிவிட்டு, பிறகுதான் கேட்டலிஸ்ட். கலப்பதற்கு முன்பு அந்த அண்ணன் எங்களை எல்லாம் நிறுத்தி வைத்து இதை மூன்று முறை சொன்னார். வெயில் ஏறினால் ரெசின் வாளியிலேயே இறுகிவிடும் என்பதால் விடியற்காலையில்தான் வேலை. மேட்டை விரித்து, ரெசினில் நனைத்து, ரோலரால் காற்றுக் குமிழ்களை வெளியேற்றுவது பார்க்கச் சுலபம். செய்தால்தான் தோள் வலி தெரியும்.

அவர் ஊருக்குப் போன பிறகு ஒரு தவறு செய்தோம். மிதவை அறைக்குப் புது தெர்மாகோல் வாங்கி அடைத்து, மேலே நாங்களே ரெசின் பூசினோம். 'சொய்ங்' என்று ஒரு சத்தம். கண் முன்னால் தெர்மாகோல் சர்க்கரைப் பாகு மாதிரி கரைந்து குழி விழுந்தது. ரெசினில் இருக்கும் ஸ்டைரீன், தெர்மாகோலைக் கரைத்துவிடும். போன் போட்டுக் கேட்டால், "பாலித்தீன் கவர்ல சுத்தி வைக்கணும்னு சொல்லலையா நான்?" என்றார் அவர். சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. 1,400 ரூபாய்த் தெர்மாகோலில் பாதி வீண்.

அன்று இரவுதான் அம்மா வாய் திறந்தார்.

"சமையக்கட்டுக் கூரை ஒழுகுதுன்னு ரெண்டு வருசமா சொல்றேன். அதுக்குன்னு எடுத்த சீட்டுப் பணம். இந்த மனுசன் யாரோ விட்டுட்டுப் போன படகு ஒழுகுறதை அடைச்சுக்கிட்டு இருக்காரு."

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. எனக்கும் குற்ற உணர்வாக இருந்தது. சீட்டுப் பணத்தைக் கேட்டு அம்மாவிடம் தூது போனவள் நான்தான். 'இலவசமாகக் கிடைத்த படகு, இன்று லட்சங்களில் வருமானம்' என்று வீடியோ போடலாம் என்ற நினைப்பும் உள்ளுக்குள் இருந்தது. வேலையில் தினமும் அப்படித் தலைப்புகளைப் பார்த்துப் பழகிய புத்தி.

'டுப்... டுப்... டுப்...'

இன்ஜினை அப்பா அவசரப்படுத்தவில்லை. நாசிலைக் கழற்றி அந்தத் துளை வழியே டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றினார். தினமும் காலையில் ஃபிளைவீலைக் கையால் லேசாக அசைத்துப் பார்ப்பார். வலுக்கட்டாயமாகத் திருப்பினால் பிஸ்டன் உடையும். ஐந்தாவது நாள் ஒரு விரற்கடை நகர்ந்தது. எட்டாவது நாள் முழுச் சுற்று வந்தது.

ரிங், ஹெட் கேஸ்கட், நாசில் மாற்றினார். உப்பில் அரித்துப்போன தண்டை லேத் பட்டறையில் கொடுத்துச் சரிசெய்தார். டீசல் குழாயில் மாட்டிய காற்றை வெளியேற்றினார். டிகம்ப்ரஷன் லிவரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலைச் சுற்றினார். வேகம் எடுத்ததும் லிவரை விட்டார். வெள்ளைப் புகை. பிறகு கரும்புகை. பிறகு 'டுப்... டுப்... டுப்...'

தெருவே எட்டிப் பார்த்தது. அந்தச் சத்தம் எங்கள் பட்டறையில் கேட்டு எத்தனை நாளாயிற்று! அம்மா சமையற்கட்டிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இன்ஜின் நிற்கும்வரை உள்ளே போகவில்லை.

ஒரு போன் அழைப்பு

ஆனியில் ஒரு போன் வந்தது. கடலோரத்திலிருந்து ஒருவர், படகைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார். இன்ஜினோடு சேர்த்து 70,000 ரூபாய் தருகிறேன் என்றார். நாங்கள் அதுவரை செலவழித்திருந்தது 44,950. நோட்டில் கணக்கு எழுதியது நான்.

கூரை சரியாகும். சீட்டுக்கடன் அடையும். அப்பாவுக்கு முதல்முறையாக ஒரு நல்ல கூலியும் நிற்கும்.

"ஆத்துல ஓட்டவா, கடலுக்கா?" என்று கேட்டார் அப்பா.

"கடலுக்குத்தான். வேற எதுக்கு?"

"அடி மெலிசு. பழுதான இடத்துல எல்லாம் பலப்படுத்தியிருக்கோம். முழுசுக்கும் போடல. கடலுக்கு ஆகாது."

"அதை நான் பார்த்துக்கறேங்க. நீங்க பெயின்ட் மட்டும் அடிச்சுக் கொடுங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்று அப்பா போனை வைத்தார். அன்று முழுக்க வீட்டில் யாரும் அதிகம் பேசவில்லை. 'சொல்லிவிட்டோமே, அதற்குமேல் வாங்குபவர் பொறுப்புதானே' என்று நான் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அப்பா பதில் சொல்லவில்லை. பதில் அம்மாவிடமிருந்து வந்தது.

"அந்த ஆளு தானா போவப்போறான்? கூலிக்கு நாலு பேரை அனுப்புவான். அவனுங்களுக்கு அடி மெலிசுன்னு யாரு சொல்லுவா? வேணாம்னு சொல்லிடுங்க. கூரை இன்னும் ஒரு மழை தாங்கும்."

அப்பா போனை எடுத்தார்.

படுகைக்குப் போன படகு

1836-ல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டிய கீழணை இருக்கும் அணைக்கரைக்குப் பக்கத்துப் படுகைகளில் சாகுபடி செய்பவர்கள் நிறையப் பேர். புல்லறுக்கவும், வாழைத்தார் கொண்டுவரவும் வாய்க்காலில் இறங்கி நடந்தே போவார்கள். தண்ணீர் இடுப்பளவு என்றாலும் கொள்ளிடத்தில் முதலை உண்டு. சிதம்பரம் பக்கம் பழைய கொள்ளிடத்தில் முதலை கடித்து உயிரிழந்தவர்கள் இருக்கிறார்கள். 2022 ஆகஸ்ட் மாதிரி மேட்டூரிலிருந்து பெருந்தண்ணீர் வந்தால் படுகையில் கட்டிய மாட்டை அவிழ்க்கக்கூட நேரம் இருக்காது.

அப்பாவிடம் இன்ஜின் வேலைக்கு வரும் ஒரு படுகை விவசாயி, அக்கம் பக்கத்து ஆறு பேரோடு வந்து படகைப் பார்த்தார். அவர்களிடமும் அப்பா நாணயத்தைக் கொடுத்துத் தட்டிப் பார்க்கச் சொன்னார். எங்கே பழுது, எங்கே ஒட்டு என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். இன்ஜின் இல்லாமல் 30,000 ரூபாய், மூன்று தவணை என்று முடிவாயிற்று. இன்ஜினைத் தருவதற்கு அப்பா சம்மதிக்கவில்லை. 2021-ல் வந்த உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி, ஆற்றில் இன்ஜின் வைத்து ஓட்டும் படகைப் பதிவு செய்ய வேண்டும். பெரியவரிடம் படகைக் கொடுத்ததற்கு எழுதி வாங்கியிருக்கிறோம். காகித வேலை முடியட்டும், அப்புறம் மாட்டித் தருகிறேன் என்றார். அதுவரை துடுப்பும் மூங்கில் கழியும்தான்.

ஆவணியில் வெள்ளம் வடிந்த பிறகு ஒரு காலையில் படகைத் தண்ணீரில் இறக்கினோம். ஆழமில்லாத ஓரத்தில் நிறுத்தி, முதலில் மணல் மூட்டைகளை ஏற்றி எவ்வளவு அமிழ்கிறது என்று கோடு போட்டோம். பிறகு மூட்டைகளை இறக்கிவிட்டு, வேண்டுமென்றே வாளி வாளியாகத் தண்ணீரை உள்ளே ஊற்றினோம். விளிம்பு வரை நிரம்பியது. மூழ்கவில்லை. ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள தெர்மாகோல் ஏறக்குறைய ஒரு கிலோ பாரத்தைத் தாங்கும் என்று கணக்குப் போட்டு, பாலித்தீனில் சுற்றி அடைத்தது வீண் போகவில்லை. அதற்குப் பிறகுதான் ஆட்களை ஏற விட்டார் அப்பா. நான்கு உயிர்காக்கும் ஜாக்கெட்டும் படகோடு சேர்த்துக் கொடுத்தோம். "இதைப் போடாம ஏறினா, தவணைப் பணமே வேணாம், படகைத் திருப்பி எடுத்துக்குவேன்" என்று மிரட்டினார்.

புல்லுக்கட்டோடு முதல் நடை திரும்பி வந்த அக்கா, சேலை நனையாமல் கரையில் இறங்கினார். "காலு நனையாம வந்தது இதான் முதல் தடவை" என்றார். நான் வீடியோ எடுக்க மறந்துபோனேன்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இன்ஜின் உதிரிபாகங்களுக்கும் தண்டு வேலைக்கும் ஆன 11,100 ரூபாயைக் கழித்தால், படகுக்கு மட்டும் 33,850. கிடைப்பது 30,000. நஷ்டம் 3,850. அப்பாவின் ஐந்து மாத உழைப்பு கணக்கில் இல்லை. உங்களுக்கு யாராவது சும்மா ஒரு படகு தருகிறேன் என்றால், கையில் ஐந்து ரூபாய் நாணயத்தோடு போங்கள். மாட்டுக்குப் பொருந்தும் பழமொழி படகுக்குப் பொருந்தாது.

முதல் தவணையில் கூரை வேலை முடிந்தது. ஐப்பசி மழையில் சமையற்கட்டு ஒழுகவில்லை. இன்ஜின் பட்டறையில் இருக்கிறது. வாரம் ஒருமுறை அப்பா அதை ஓட விடுகிறார், துரு ஏறிவிடக் கூடாது என்று. அந்தச் சத்தம் கேட்டுத்தான் போன மாதம் இரண்டு பேர் தங்கள் பழைய இன்ஜின்களைக் கொண்டுவந்து இறக்கினார்களாம்.

நேற்று போனில் அம்மா சொன்னார்: "கிள்ளையில இன்னொருத்தர் ஒரு படகு சும்மா தரேங்கிறாராம். உங்கப்பா போயிருக்காரு."

"நீ விட்டியா?"

"தட்டிப் பார்த்துட்டு வாங்கன்னு அஞ்சு ரூவா நான்தான் கொடுத்தேன்."